இழை அறுந்தால் யாரைக் கேட்பது?

நூற்பாலையில் ஸ்பின்னிங் மாஸ்டராக நியமனம் பெறுகிறவனுக்கு அதிகாரம் நியமனக் கடிதத்தோடு சேர்ந்தே வந்துவிடுகிறது. அந்த அதிகாரத்தை அவன் நியாயமாகப் பிரயோகிப்பான் என்று அவனுக்குக் கீழே வேலை செய்கிறவர்கள் மனத்தில் ஏற்பட வேண்டிய நம்பிக்கையோ, எப்போது வந்தது, எதனால் வந்தது என்று அவனுக்கே விளங்காத விதத்தில் மெல்ல வந்து சேர்கிறது; சிலருக்கு ஓய்வு பெறும் நாள் வரையில் வராமலே போய்விடுவதும் உண்டு. திருவள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரம் வகுத்து, அரசனானவன் எப்படிப்பட்டவர்களை ஆராய்ந்து நம்ப வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். கோயமுத்தூர்ப் பக்கத்து ஆலைகளில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்த நான் கண்ட வரையில், அந்த ஆராய்ச்சியை மேலே இருந்த எங்களைக் காட்டிலும் கீழே இருந்த தொழிலாளிகளே அதிக சிரத்தையோடு நடத்தினார்கள். புதிதாக வந்த மாஸ்டர் எந்த மிஷின் அருகில் எவ்வளவு நேரம் நிற்கிறார், யார் சொன்னதைக் கேட்டு யாருக்கு மெமோ கொடுக்கிறார், காலையில் சொன்னதைச் சாயங்காலமும் சொல்கிறாரா என்பவற்றையெல்லாம் அவர்கள் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்; பார்ப்பதாகக் காட்டிக்கொள்ள மாட்டார்கள்.

ராபர்ட் ஸ்டேன்ஸ் 1888-இல் கோயமுத்தூரின் முதல் நூற்பாலையை நிறுவிய காலத்தில் நீராவியைக் கொண்டு ஓட்ட வேண்டியிருந்த இந்தத் தொழில், 1932-இல் பைக்காரா மின்சாரம் மலையிலிருந்து இறங்கிவந்த பிறகு, அவிநாசி ரோட்டிலும் திருச்சி ரோட்டிலும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலும் மளமளவென்று பெருகிற்று. நான் உத்தியோகத்தில் சேர்ந்தபோது அநேகமாக ஒவ்வோர் ஆலை வாசலிலும் இரண்டு மூன்று சங்கங்களின் கொடிகள் பறந்தன. தொழிலாளர் உறவைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறவர்களுக்கும் பஞ்சமில்லை. ஆனால் ரிங் பிரேம் சாலையின் உள்ளே ஒரு தடவை நுழைந்து பார்த்தவர்களுக்கு, அங்கே பிரசங்கம் எதுவும் எடுபடாது என்பது உடனே தெரிந்துவிடும். ஆயிரக்கணக்கான கதிர்கள் ஒரே காலத்தில் சுழலுகிற அந்த இரைச்சலில், காதோடு வாயை வைத்துக் கத்தினாலொழிய ஒரு வார்த்தையும் கேட்காது. விரலசைவும் உதட்டசைவும் புருவ அசைவுமே அங்கே பாஷை. அத்தகைய இடத்தில் இனிமையாகப் பேசி ஒருவன் பெயர் வாங்கிவிட முடியாது. அவனைப் பற்றிய அபிப்பிராயம் அவன் செய்வதை வைத்தே உண்டாக வேண்டும். இது எனக்கு ஒருவகையில் அனுகூலமாகவே இருந்தது என்று சொல்ல வேண்டும். நான் சுபாவத்தில் பேச்சாளனல்லன்.

நூற்பைப் பற்றி அறியாத வாசகர்களுக்காகச் சில விஷயங்களை விளக்கிவிடுகிறேன். 840 கஜம் நூல் ஒரு ஹாங்க். நாற்பதாம் நம்பர் நூல் என்றால் அப்படிப்பட்ட நாற்பது ஹாங்க் சேர்ந்து ஒரு பவுண்டு எடை இருக்க வேண்டும். அதாவது ஒரு பவுண்டு பஞ்சை 33,600 கஜ நீளத்திற்கு இழுத்து முறுக்கியிருக்கிறோம் என்று அர்த்தம். புளோரூமில் பஞ்சைப் பிரித்துத் தூசி போக்குவதில் தொடங்கி, கார்டிங், டிராயிங், சிம்பிளக்ஸ் என்று வரிசையாக நடக்கும் வேலைகளில் எங்கே ஒரு குறை நேர்ந்தாலும், அது அந்தந்த இடத்தில் தெரியாமல் ஒளிந்திருந்துவிட்டு, இழை மிக மெல்லியதாகிற ரிங் பிரேமிலே வந்துதான் வெளிப்படும். அங்கே இழை அறுந்தால், அறுந்த இடத்திற்கு மேலிருந்து வரும் பஞ்சை நியூமாபில் குழாய் உறிஞ்சிப் பெட்டிக்குள் தள்ளிவிடும். சைடர் என்று நாங்கள் அழைக்கும் தொழிலாளி, தன் பிரேம்களின் ஓரமாக இடைவிடாமல் நடந்துகொண்டே, அறுந்த இழைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்து இணைத்துக்கொண்டு போக வேண்டும்; பீசிங் என்பது இதுதான். அறுப்பு அதிகமானால் அவனுடைய நடை ஈடுகொடுக்காது. ரோலரில் பஞ்சு சுற்றிக்கொள்ளும். ஹாங்க் மீட்டரில் உற்பத்தி குறையும். ஷிப்ட் முடிவில் நியூமாபில் பெட்டியிலிருந்து அள்ளி எடைபோடுகிற கழிவுப் பஞ்சு கூடிப்போகும். அந்த எடை யாருடைய பெயருக்கு நேராக எழுதப்படுகிறது? சைடரின் பெயருக்கு நேராக. காரணம் பத்து இடங்களில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். கணக்கு மட்டும் ஒருவன் தலையில்தான் விழும். ஆலைத் தொழிலில் மேலுள்ளவனுக்கும் கீழுள்ளவனுக்கும் இடையே நேரும் மனஸ்தாபங்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு வரிக் கணக்கிலிருந்தே முளைத்தன என்பது என் அபிப்பிராயம்.

மாசி மாதத்து இரவு ஷிப்ட் ஒன்றில், மேஸ்திரி ஒருவர் கழிவுப் பஞ்சை ஒரு சாக்கோடு தூக்கிக்கொண்டு வந்து என் மேஜைக்கு முன்னால் வைத்தார். இன்ன சைடர் வேலையைக் கவனிப்பதே இல்லை, தூங்கி வழிகிறான், மெமோ கொடுத்தாலொழிய மற்றவர்களும் கெட்டுப்போவார்கள் என்று வாதித்தார். நான் மறுமொழி சொல்லாமல் பென்சிலையும் அறுப்புக் கணக்கு எழுதும் தாளையும் எடுத்துக்கொண்டு அந்த பிரேமுக்குப் போனேன். அறுப்புக் கணக்கு என்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. குறித்த நேரம் வரையில் பிரேமைச் சுற்றிச் சுற்றி நடந்து, எந்தக் கதிரில் இழை அறுகிறதோ அதன் நம்பரையும், வளையத்தில் ஓடும் டிராவலர் தேய்ந்ததா, ரோலர் பழுதா, சிம்பிளக்ஸிலிருந்து வந்த ரோவிங் நைந்திருக்கிறதா என்று கண்ணுக்குத் தெரிந்த காரணத்தையும் குறித்துக்கொண்டே வர வேண்டும். பொறுமை மட்டும் இருந்தால் போதும். அவ்விதம் குறித்துக்கொண்டு வந்தபோது, அறுப்பு பிரேம் முழுவதும் பரவலாக இல்லை என்பதும், குறிப்பிட்ட சில கதிர்களிலேயே திரும்பத் திரும்ப நிகழ்கிறது என்பதும் தெரிந்தது. சைடர் தூங்கியிருந்தால் அறுந்த இழைகள் பிணைக்கப்படாமல் கிடந்திருக்குமே தவிர, அதே கதிர்களில் இழை அறுந்துகொண்டே இருக்க நியாயமில்லை. டிராவலரை மாற்றினோம், பயனில்லை. அதன் பிறகு அந்தக் கதிர்களுக்கு மேலிருந்த ரோவிங் பாபின்களைக் கழற்றி, அடுத்த பிரேமில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த கதிர்களுக்கு மாற்றி, அங்கிருந்தவற்றை இங்கே கொண்டுவந்து போடச் சொன்னேன். கொஞ்ச நேரத்திற்குள் அறுப்பு பாபின்களோடு கூடவே அடுத்த பிரேமுக்குக் குடிபோய்விட்டது. பிரத்தியட்சமாகக் கண்ட பிறகு அனுமானத்திற்கு வேலை என்ன? பாபின்களைப் பின்தொடர்ந்து சிம்பிளக்ஸுக்கும், அங்கிருந்து டிராயிங்குக்கும் போனதில், டிராயிங் மிஷின் ஒன்றின் மேல் ரோலர் தோல் பெயர்ந்து கிடந்ததும், அந்த வாயிலிருந்து கேன்களில் விழுந்த பஞ்சுத்திரி முழுவதுமே தடித்தும் மெலிந்தும் இருந்ததும் அகப்பட்டன.

மெமோ எழுதும் அவசியம் இல்லாமற்போயிற்று என்பதோடு இந்தச் சங்கதி முடிந்திருந்தால் இதை நான் எழுத வந்திருக்க மாட்டேன். ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த அந்த சைடர் என்னைக் கண்டு நின்று, "மாஸ்டருங்க, பாபினை மாத்திப் போட்டுப் பார்த்தாத் தெரிஞ்சு போகும்னு எனக்கு முந்தாநாளே தோணுச்சுங்க. சொன்னா மேஸ்திரியண்ணன், எனக்கே வேலை சொல்லித் தர்றியான்னு கேப்பாருன்னு கம்முனு இருந்துட்டனுங்க" என்றான். அவன் மிகச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டான். நான் அதையே வீடு வரையில் எண்ணிக்கொண்டு போனேன். இரண்டு இரவுகளாக மூட்டை மூட்டையாகப் பஞ்சு வீணாயிருக்கிறது. அதன் காரணத்தைக் கண்டுபிடிக்கும் வழியும் அந்த மிஷினுக்குப் பக்கத்திலேயே, அதை ஓட்டுகிறவன் மனத்திலேயே இருந்திருக்கிறது. வாயைத் திறந்தால் வசவுதான் மிஞ்சும் என்று அவன் அடக்கிக்கொண்டிருக்கிறான். அவநம்பிக்கை என்றால் வேலைநிறுத்தமும் கோஷமும் கல்லெறிதலும்தான் என்று முதலாளிகள் நினைக்கிறார்கள். அவையெல்லாம் எப்போதோ ஒரு முறை வருவன. அன்றாடம் ஆலையைத் தின்றுகொண்டிருப்பது இந்தக் "கம்முனு இருந்துட்டனுங்க" என்பதுதான். அதற்கு எந்தப் பேரேட்டிலும் கலம் கிடையாது.

அது முதற்கொண்டு, அறுப்புக் கணக்கு எடுக்காமல் கழிவு சம்பந்தமான எந்த மெமோவிலும் கையெழுத்துப் போடுவதில்லை என்பதை ஒரு நியமமாக வைத்துக்கொண்டேன். நிலையாணைகள் பற்றிய 1946-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி, தண்டிப்பதற்கு முன்னால் தொழிலாளியின் விளக்கத்தைக் கேட்டாக வேண்டியிருந்தது என்பது உண்மைதான். ஆனால் சட்டம் கேட்கச் சொன்ன விளக்கம் காகிதம் கைக்கு வந்த பிறகு கேட்கப்படுவது. காகிதம் வந்துவிட்டால் தொழிலாளி சங்க ஆபீசுக்குப் போய்விடுவான், மேஸ்திரி தன் வார்த்தையைக் காப்பாற்றிக்கொள்வதில் இறங்கிவிடுவார், பழுதான ரோலர் பழுதாகவே ஓடிக்கொண்டிருக்கும். இப்படிச் சொல்வதனால் நான் எவரையும் தண்டித்ததே இல்லை என்று வாசகர்கள் எண்ணிவிடக் கூடாது. கணக்கெடுத்ததில் மிஷினும் பஞ்சும் சரியாகவே இருந்து, ஆள் இடத்திலேயே இல்லை என்று தெரிந்த சந்தர்ப்பங்களும் உண்டு. அப்போதெல்லாம் தயங்காமல் கையெழுத்துப் போட்டேன். அப்படி ஒரு தடவை, சங்கக் காரியதரிசி கோபாவேசமாக உள்ளே நுழைந்தவர், கதிர் நம்பரும் நேரமும் எழுதியிருந்த தாளைக் கையில் வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்துப் பார்த்துவிட்டு, "சரிங்க, இதுல நான் பேசறதுக்கு ஒண்ணுமில்லீங்க" என்று மடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். விட்டுக்கொடுத்த சமயங்களைக் காட்டிலும் இப்படி ஆதாரத்தோடு தண்டித்த சமயங்களே சாலைக்குள் எனக்கு அதிக மதிப்பைத் தேடித் தந்தன என்பதை நான் வெகு காலம் கழித்தே தெரிந்துகொண்டேன். மாஸ்டர் நல்லவர் என்று பெயரெடுப்பது சுலபம். நல்லவர் என்கிற பெயரை வைத்துக்கொண்டு ஒருவனும் தன் தவறையோ பிறன் தவறையோ அவரிடம் சொல்ல வரமாட்டான்.

இடையில் ஒரு புஸ்தக விஷயம். டாவிஸ்டாக் நிலையத்தைச் சேர்ந்த ஏ. கே. ரைஸ் என்னும் ஆங்கிலேயர் 1953-இல் ஆமதாபாத்தின் காலிகோ ஆலைகளில் செய்த பரிசோதனையைப் பற்றி 1958-இல் ஒரு நூல் வெளியிட்டார். தானியங்கித் தறிச் சாலையில் நெய்கிறவன், இழை பிணைக்கிறவன், பாபின் நிரப்புகிறவன், எண்ணெய் விடுகிறவன் என்று ஒவ்வொருவனுக்கும் வெவ்வேறு எண்ணிக்கையில் தறிகளை ஒதுக்கியிருந்தபடியால், ஒரே கூட்டமாக ஒரே தறிகளுக்குப் பொறுப்பேற்பவர்கள் என்று எவரும் இல்லை. அவர்களைச் சிறு குழுக்களாக்கி, ஒரு குழுவுக்குச் சில தறிகள் என்று முழுவதையும் ஒப்படைத்தபோது உற்பத்தி உயர்ந்து பழுது குறைந்தது. நான் இந்த நூலைப் படித்துவிட்டு, நூல் நிறைந்த பாபின்களைக் கழற்றும் டாபிங் ஆட்களை நாளுக்கொரு பக்கமாக அனுப்பாமல் அந்தந்த சைடர்களோடேயே நிரந்தரமாக நிறுத்தினேன். டாபர் அவசரத்தில் இழையைக் கோணலாகப் போட்டுவிட்டுப் போனால் மறுநாளும் அதே சைடர் முகத்தில்தான் விழிக்க வேண்டும் என்றானபோது, நான் தலையிட வேண்டிய வழக்குகள் வெகுவாகக் குறைந்துபோயின.

பதிலி ஆட்கள் விவகாரம் இவ்வளவு சுளுவாக முடியவில்லை. அந்தக் காலத்து ஆலைகளில் நிரந்தர ஆட்களில் யாராவது வராமற்போனால் அந்த இடத்திற்கு வேலை கொடுப்பதற்காக, பதிலி டிக்கட்டு வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு ஷிப்டுக்கும் கேட்டுக்கு வெளியே வந்து நிற்பார்கள். தூக்குப் போசியும் கையுமாகப் பத்து மைலுக்கு அப்பாலிருந்து சைக்கிளில் வந்து நின்று, மேஸ்திரியின் விரல் தங்களை நோக்கி நீளுமா என்று பார்த்திருந்துவிட்டு, நீளாவிட்டால் அந்தச் சோற்றை வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தின்றுவிட்டுத் திரும்பிப் போவார்கள். அந்த விரல் எதனால் ஒருவனை நோக்கி நீளுகிறது, இன்னொருவனை நோக்கி நீளுவதில்லை என்பது ஊரறிந்த ரகசியம். 1931-இல் வெளியான விட்லி கமிஷன் அறிக்கையே, ஆளெடுக்கும் மேஸ்திரிமார்கள் தொழிலாளிகளிடம் வாங்கும் லஞ்சத்தைப் பற்றி விவரித்து, அந்த அதிகாரத்தை அவர்களிடமிருந்து எடுத்துவிட வேண்டுமென்று எழுதியிருக்கிறது. எழுதி எத்தனையோ வருஷங்களுக்குப் பிறகும் எங்கள் வாசலில் அதே விரல்தான் ஆண்டுகொண்டிருந்தது.

நான் செய்தது இவ்வளவுதான்: டைம் ஆபீஸ் சுவரில் ஒரு கரும்பலகையை மாட்டி, டிக்கட்டு கொடுத்த தேதி வரிசைப்படி பதிலிகளின் நம்பர்களை எழுதச் செய்தேன், இன்று வேலை கிடைத்தவன் நம்பர் அழிக்கப்பட்டுக் கடைசியில் போய்ச் சேரும், வந்தும் கிடைக்காதவன் மேலேயே நிற்பான். எழுத்து வாசனை இல்லாதவர்களுக்குக்கூடத் தங்கள் டிக்கட்டு நம்பரின் உருவம் பழக்கமானபடியால், அது தினமும் ஒவ்வொரு படியாக மேலே ஏறுவதைத் தாங்களே பார்த்துக்கொண்டார்கள். நாளை வந்தால் பலனுண்டா, இல்லையா என்பது முந்தின நாளே ஏறத்தாழத் தெரிந்துவிட்டதால், வீணாகச் சைக்கிள் மிதித்து வருவதும் குறைந்தது.

மேஸ்திரிக்கு இது பிடிக்கவில்லை. அவர் தரப்பிலும் ஒரு நியாயம் இருந்தது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. "நாளைக்கு உற்பத்தி கொறைஞ்சா என்னையத்தானுங்க கேப்பீங்க? வேலை தெரியாதவனைப் பலகை அனுப்புச்சுன்னு சொன்னா ஒத்துக்குவீங்களா?" என்று அவர் கேட்டார். அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க எனக்கு மனம் வரவில்லை. முறை வந்தவனை வேண்டாமென்று தள்ளும் உரிமை அவருக்கு உண்டென்றும், ஆனால் தள்ளுவதற்கான காரணத்தை அதே பலகையில் அந்த நம்பருக்கு நேரே எழுதிவிட வேண்டுமென்றும் ஏற்பாடு செய்தேன். எழுதிய சந்தர்ப்பங்கள் மிகச் சில. நாலு பேர் பார்க்க எழுதுவதென்றால் யாருக்குத்தான் கை வரும்? இருந்தாலும் அவர் என்னோடு வேலை விஷயத்தைத் தவிர வேறு பேச்சு வைத்துக்கொள்ளாமல் மாதக்கணக்கில் ஒதுங்கியே இருந்தார். பதிலிகளின் நம்பிக்கையைப் பெறுவதற்காக மேஸ்திரியின் நம்பிக்கையை இழந்தாயிற்று என்று மற்ற மாஸ்டர்கள் என்னைப் பரிகசித்தார்கள். எல்லோருடைய நம்பிக்கையையும் ஏககாலத்தில் சம்பாதித்துவிடலாம் என்று போதிக்கும் மானேஜ்மெண்ட் வகுப்புகளில் பிற்காலத்தில் உட்கார நேர்ந்தபோதெல்லாம் எனக்கு அந்த மேஸ்திரியின் இறுகிய முகம்தான் ஞாபகம் வரும்.

அவரிடம் நான் சமாதானம் பேசப் போகவில்லை. சாலைக்குள் சைடர்கள் பார்க்க அவருடைய உத்தரவு எதையும் மாற்றாமல், மாற்ற வேண்டியதிருந்தால் ஆபீசுக்கு அழைத்துச் சொல்வதை மட்டும் ஜாக்கிரதையாகக் கடைப்பிடித்தேன். பங்குனி வெயிலில் ஒரு வாரம் சாலை முழுவதும் அறுப்பு மிதமிஞ்சிப் போய், மானேஜர் எல்லோரையும் அழைத்து வைத்துக்கொண்டு, ஆட்களை வேலை வாங்கத் தெரியாதவர் என்று மேஸ்திரியைப் பார்த்துச் சொன்னார். ரிங் பிரேம் சாலையில் காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 55 முதல் 60 வரை இருக்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் பஞ்சு வறண்டு பறக்க ஆரம்பிக்கும், இழை நிற்காது. அளவுக்கு மேல் ஏறினால் ரோலரில் ஒட்டிச் சுற்றிக்கொள்ளும். ஈரக்குமிழும் உலர்குமிழும் உள்ள வெப்பமானியில் ஷிப்டுக்கு ஷிப்ட் பார்த்து எழுதிவைத்த நோட்டை நான் மானேஜருக்கு முன்னால் வைத்து, பிற்பகல்தோறும் ஈரப்பதம் சரிந்திருப்பதையும், அறுப்பு மிகுதியாக இருந்த நேரங்களும் அவையே என்பதையும் காட்டினேன். ஈரக்காற்று யந்திரத்தின் தெளிப்பான்களில் பாதி, தண்ணீர் உப்புப் படிந்து அடைத்துக்கொண்டிருந்தன. மேஸ்திரி அன்று ஒன்றும் பேசவில்லை. சில நாள் கழித்து, பதிலிப் பலகையில் ஒரு நம்பருக்கு நேராக, 'இவன் பீசிங் பழக வேண்டும், ஒரு வாரம் சைடருடன் நிறுத்தவும்' என்று அவர் கையெழுத்தில் எழுதியிருந்தது. தள்ளுவதற்காக அல்லாமல் பழக்குவதற்காக அந்தப் பலகையை உபயோகிக்கலாம் என்பது எனக்குத் தோன்றாத யோசனை.

மின்சாரக் குறைப்புக் காலங்களைப் பற்றி ஒரு வார்த்தை. தொழில் தகராறுச் சட்டத்துக்கு 1953-இல் வந்த திருத்தத்தின்படி, ஒரு வருஷம் தொடர்ச்சியாக வேலை பார்த்தவர்களுக்கு, மின்சாரமில்லாமல் வேலை நின்ற லே-ஆப் நாட்களில் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதி கிடைத்தது. பதிலிகளுக்கு அதுவும் கிடைக்கவில்லை. அடுத்த வாரம் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆட்களிடம் சொல்லும்படி நிர்வாகத்திலிருந்து எனக்கு உத்தரவு வந்தது. எனக்கே தெரியாததை எப்படிச் சொல்வதென்று கேட்டுவிட்டு, மின்சார வாரியத்திலிருந்து வந்த செய்தியை வந்தபடியே, வராத நாளில் வரவில்லை என்றே, சாயங்காலந்தோறும் பலகையில் எழுதச் செய்தேன். வேலை எப்போது என்று கேட்க என் வீட்டுத் திண்ணைக்கு வந்துகொண்டிருந்தவர்களின் வரவு நின்றுபோயிற்று.

இப்போதைய ஆலைகளில் ஒவ்வொரு கதிருக்கும் ஓர் உணர்கருவி பொருத்தி, எந்தக் கதிரில் எத்தனை தடவை இழை அறுந்தது என்பதை ஆபீசில் இருக்கும் திரையிலேயே காட்டிவிடுகிறார்கள். என் சிநேகிதர் ஒருவரின் மகன், இளம் மாஸ்டர், அதைப் பெருமையோடு காட்டினான். நாங்கள் பென்சிலோடு நடந்து சேகரித்ததைக் காட்டிலும் நூறு பங்கு நுட்பமான கணக்கு அது. பார்க்க எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. எந்தக் கதிர் என்பதைத் திரை சொல்லிவிடுகிறது. எதனால் என்று கேட்டால் ஒடிஸாவிலிருந்தும் பீஹாரிலிருந்தும் வந்திருக்கும் ஆட்கள் வாயே திறப்பதில்லை, பாஷையும் தெரியவில்லை, என்ன செய்வது என்று அவன் குறைப்பட்டான். சாலைக்குள் போய் அந்த ஆளின் கண்ணெதிரே பாபினை மாற்றிப் போட்டுப் பார், அதற்குப் பாஷை வேண்டியதில்லை என்றேன். பத்து மணிக்குள் அறிக்கை அனுப்பியாக வேண்டுமே, மாமா என்றான். பதினொரு மணிக்கு அனுப்பு என்றேன்.